நெருப்புக்கும் மூச்சு வேண்டும்

வெந்நீர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சுவிட்சைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும், பத்து நிமிஷத்தில் குழாயில் கொட்டும் என்கிறீர்களா? நீங்கள் பாக்கியசாலி! எனக்கு ஞாபகம் வருவது கும்பகோணத்தில் எங்கள் பாட்டியும், அவளுடைய செப்புப் பாய்லரும்தான்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவிலே ஒரு குழாய். அதற்குள் கரியும் கொட்டாங்கச்சியும். குழாயைச் சுற்றி ஜலம். அடியிலே கம்பிச் சல்லடை; அதற்கும் கீழே சாம்பல் விழும் இடம். கொல்லைத் தாழ்வாரத்தில் பிள்ளையார் மாதிரி அது உட்கார்ந்திருக்கும். விடியற்காலை நாலரை மணிக்குப் பாட்டி எழுந்து முதல் காரியமாகச் சாம்பலைத் தட்டுவாள். "அடியிலே காத்து போகலேன்னா மேலே நெருப்பு எப்படிடி பிடிக்கும்?" என்பாள். பிறகுதான் கரி போடுவாள்.

எனக்கு எட்டு வயசு இருக்கும். ஐப்பசி அடைமழை. குளிர் தாங்காமல் குமுட்டி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் உக்கிராண அறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டி எப்படித்தான் மோப்பம் பிடித்தாளோ, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து முதுகில் ஓர் அறை வைத்தாள். "மூடின அறையிலே கரி நெருப்பு வைக்கப்படாது. அது ஆளைத் தூங்கப் பண்ணிடும். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டே!" என்றாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. முதுகு வலித்தது, அழுதேன், மறந்துவிட்டேன்.

அந்த அறையின் அர்த்தம் எனக்குப் புரிய ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. புரிந்த இடம் லண்டன்.

2019-ஆம் வருஷம் நவம்பரில் என் பெண்ணுக்குப் பிரசவம். பெண்ணும் மாப்பிள்ளையும் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்ற பேட்டையில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஊறுகாய், பிரசவ லேகியம், வசம்பு, இரண்டு பழைய ஒன்பது கஜப் புடவைகள் சகிதம் நான் போய் இறங்கினேன். பழம் புடவையை எதற்குச் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அசந்துபோனேன். வெளியே எலும்பு நடுங்குகிற குளிர். உள்ளே நம் ஊர்ப் பங்குனி மாதம்! ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே மடிப்பு மடிப்பாக ஓர் இரும்புத் தகடு. அதற்கு ரேடியேட்டர் என்று பெயர். அதற்குள் வெந்நீர் ஓடுகிறது. அந்த வெந்நீரைக் காய்ச்சி அனுப்புவது சமையலறை மூலையில் நின்ற ஒரு வெள்ளைப் பெட்டி. அதுதான் காஸ் பாய்லர். குளிக்கிற ஜலமும் அதன் உபயமே. கரி இல்லை, சாம்பல் இல்லை, ஊதுகுழல் இல்லை. உள்ளே நீலமாக ஒரு சின்னச் சுடர் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். வேண்டும்போது 'பொஸ்' என்று பெரிதாகும். பெட்டிக்குள் அடங்கிய அக்கினி பகவானுக்கு மனசுக்குள் ஒரு நமஸ்காரம் செய்தேன்.

ஆனால் சமையலறையில் ஒரு குறை. பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், தரையை ஒட்டி, சல்லடை மாதிரி ஒரு துவாரம். அதன் வழியாக ஐஸ் காற்று 'விர்' என்று உள்ளே வந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து விடுவது அந்தச் சமையலறையில்தான். இதென்ன அசட்டுத்தனம்! ஒரு பக்கம் காசைக் கொட்டி அறையைச் சூடு பண்ணுவது, இன்னொரு பக்கம் ஓட்டை போட்டுக் குளிரை அழைப்பது!

ஒரு நாள் மாப்பிள்ளை ஆபீசுக்குப் போனார். பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பழம் புடவை ஒன்றில் நீளமாக ஒரு துண்டு கிழித்துத் துவாரத்தில் திணித்தேன். மேலே ஓர் அட்டையை வைத்து ஒட்டினேன். காற்று 'கப்'பென்று நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. அவர்களே கவனித்து, "அம்மா, சமையலறை கதகதப்பா இருக்கே!" என்று மெச்சட்டும் என்று காத்திருந்தேன்.

சகோதரிகளே, இப்போது நான் எழுதுவதை நிதானமாகப் படியுங்கள்.

மறுநாள் எனக்கு லேசாகத் தலைவலி. பெண்ணுக்கும் தலைவலி, கொஞ்சம் குமட்டல். பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லை, குளிர் வேறு. சுக்குக் கஷாயம் போட்டு இரண்டு பேரும் குடித்தோம். ஜுரம் மட்டும் இல்லை. மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அவர் பகல் முழுவதும் வெளியே இருக்கிறவர். அதற்கு அடுத்த நாள் பக்கத்திலிருக்கும் முருகன் கோயிலுக்குப் போனேன். அங்கிருந்த இரண்டு மணி நேரமும் தலைவலி போன இடம் தெரியவில்லை. முருகன் கிருபை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பி ஒரு மணி நேரத்தில் மறுபடியும் வந்துவிட்டது.

குழந்தை? அது ராத்திரி வழக்கமாக மூன்று தடவை எழுந்து அழும். அந்த இரண்டு நாளும் சமத்தாகத் தூங்கிற்று. "பார்த்தாயா, எண்ணெய்க் குளியலின் மகிமை!" என்று பெண்ணிடம் பெருமை அடித்துக்கொண்டேன். இதை எழுதும்போது இன்றைக்கும் என் கை நடுங்குகிறது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். அடுப்புக்கு மேலே புகையை வெளியே இழுக்கும் மின்விசிறி பலமாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று 'கீ கீ கீ கீ' என்று ஓர் அலறல்.

எனக்கு அது புதிதல்ல. அந்த ஊர் வீடுகளில் புகை எச்சரிக்கை மணி ஒன்று கூரையில் இருக்கும். நாம் கடுகு தாளித்தால் போதும், ஊரைக் கூட்டும். துண்டால் விசிறினால் அடங்கிவிடும். அன்றும் துண்டை எடுத்து விசிறினேன். அடங்கவில்லை. இன்னும் பலமாக விசிறினேன்.

பெண் தள்ளாடிக்கொண்டே வந்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த வேறொரு சின்ன வெள்ளை வில்லையைப் பார்த்தாள். அலறியது கூரை மணி இல்லை, அதுதான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா! இது புகை இல்லே! அடுப்பை அணை, வெளியே வா!"

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். செருப்புக்கூடப் போடாமல் தெருவில் போய் நின்றோம். எதிர் வீட்டு அம்மாள் எங்களை உள்ளே அழைத்துக் கம்பளி போர்த்தினாள். குளிர் காற்று பட்ட சிறிது நேரத்தில் குழந்தை வீரிட்டு அழுதது. அதைப் போல இனிய சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

அந்த நாட்டில் காஸ் ஆபத்துக்கென்று இரவும் பகலும் ஆள் இருக்கும் இலவச டெலிபோன் எண் ஒன்று உண்டு: 0800 111 999. பெண் அதற்குப் பேசினாள். ஆள் வந்து காஸை அடைத்து, பாய்லரை யாரும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார். எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் பிராணவாயு கொடுத்தார்கள். விடிவதற்குள் தலைவலி போயிற்று. "இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால்..." என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் முடிக்கவில்லை.

மறுநாள் ஒரு காஸ் மெக்கானிக் வந்தார். அந்த நாட்டில் 'காஸ் சேஃப் ரிஜிஸ்டர்' என்ற பதிவேட்டில் பெயர் இருப்பவர்கள்தான் காஸ் பாய்லரைத் திறக்கலாம். 2009-ஆம் வருஷம் ஏப்ரலிலிருந்து இப்படி. அவர் தம் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, நேராகச் சுவர்த் துவாரத்துக்குப் போய் அட்டையைப் பிய்த்தார். புடவைத் துண்டை இழுத்தார். அது திரௌபதியின் புடவை மாதிரி வந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. என்ன நடந்தது என்று காட்டவே ஒரு வித்தை செய்தார். ஜன்னலையும் கதவையும் மாப்பிள்ளையைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுப் பாய்லரைச் சிறிது நேரம் மூட்டினார். நம் ஊதுவத்தி மாதிரி புகைகிற குச்சி ஒன்றைப் பாய்லரின் புகைபோக்கி ஆரம்பிக்கிற இடத்தில் பிடித்தார். புகை மேலே போயிற்று. அப்புறம் ஜன்னல், கதவு, துவாரம் எல்லாவற்றையும் அடைத்து, அடுப்பு மேலிருந்த மின்விசிறியைப் போட்டார். மேலே போன புகை தயங்கிற்று, திரும்பிற்று, அறைக்குள்ளேயே வந்தது!

விஷயம் இதுதான். அது பழைய மாதிரிப் பாய்லர். எரிவதற்கு வேண்டிய காற்றை அறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் துவாரம். நான் அதை அடைத்தேன். மின்விசிறியோ அறைக் காற்றை வெளியே இழுத்துத் தள்ளியது. அதற்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டுமே. புகைபோக்கி வழியாகவே கீழே இறங்கிற்று, பாய்லரின் கழிவையும் அழைத்துக்கொண்டு. போதிய காற்று கிடைக்காத நெருப்பு அரைகுறையாக எரியும். அப்படி எரிந்தால் உண்டாவதுதான் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷக்காற்று.

அதற்கு நிறமில்லை, மணமில்லை. காஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக் கொடுக்கும். அந்த நாற்றமே நம்மை எச்சரிக்க வேண்டுமென்று சேர்ப்பது. இதற்கு அதுவும் கிடையாது. நம் ரத்தம் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆசையோடு இதைப் பற்றிக்கொள்கிறது. கொரோனாக் காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஒரு கருவி, அது கூட இதில் ஏமாந்துபோகும். எல்லாம் சரியாக இருக்கிறது என்றே எண்ணைக் காட்டும். அடையாளம் நம் உடம்பு சொல்வதுதான்: தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி; ஜுரம் மட்டும் இராது. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே சமயத்தில் வரும். வெளியே போனால் தெளியும்; திரும்பி வந்தால் மறுபடியும் பிடிக்கும். எல்லா அடையாளமும் எனக்குத் தெரிந்தன. நான் சுக்குக் கஷாயம் போட்டேன்!

குற்றம் என்னுடையது மட்டும் அல்ல என்று பிறகு தெரிந்தது. வாடகை வீட்டுப் பாய்லரை வீட்டுக்காரர் 12 மாதத்துக்கு ஒரு முறை பதிவு பெற்ற ஆளைக் கொண்டு பரிசோதித்துச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று அங்கே 1998-ஆம் வருஷத்து விதி இருக்கிறது. எங்கள் சீட்டுக்கு 14 மாதம் வயசு. உள்ளே சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக அசைந்தாடியது; பெட்டி ஓரத்தில் கரிக் கறை. நீலம் நல்லது, மஞ்சளும் கரியும் ஆபத்து. இது நம் வீட்டுக் காஸ் அடுப்புக்கும் பொருந்தும்.

அந்தச் சின்ன வில்லையை வாங்கி மாட்டியது என் பெண்தான். அப்போது காஸ் பாய்லர் உள்ள வாடகை வீட்டில் அது கட்டாயமில்லை. 2022-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்துதான் இங்கிலாந்தில் வீட்டுக்காரரே வைக்க வேண்டும் என்று விதி வந்தது. "எதுக்குடி வீண் செலவு?" என்று நான் கேட்டிருந்தேன். அந்த வாக்கியத்தை நான் இப்போது உபயோகிப்பதில்லை.

பழைய பெட்டி போய்ப் புதுப் பெட்டி வந்தது. இது வெளிக் காற்றைக் குழாய் வழியாகத் தானே இழுத்து, கழிவையும் வெளியிலேயே விடும். அறைக் காற்றைத் தொடாது. புகையிலிருக்கும் சூட்டையும் விடாமல் பிடித்துக்கொள்கிற சிக்கனக்காரப் பாய்லர். அங்கே 2005-ஆம் வருஷத்திலிருந்து புதிதாக வைப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான். சூடு போன புகை ஜலமாகி, ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சொட்டும்.

மெக்கானிக்கிடம் நான் பாடமே கேட்டுக்கொண்டேன். பெண் மொழிபெயர்த்தாள். உங்கள் பிள்ளையோ பெண்ணோ அந்தச் சீமையில் இருந்தால் இதைக் கத்தரித்து அனுப்புங்கள்.

பாய்லரின் முகத்தில் ஒரு முள் இருக்கும். ஆறியிருக்கும்போது அது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் உள்ளே ஜலம் குறைச்சல். அடியிலுள்ள நிரப்பும் குழாயை மெள்ளத் திறந்து, முள் ஏறியதும் இறுக மூட வேண்டும். அடிக்கடி இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

ரேடியேட்டரின் தலை ஜில்லென்றும் அடி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, ஓரத்துத் திருகைச் சின்னச் சாவியால் கொஞ்சம் திருப்பினால் 'உஸ்' என்று காற்றுப் போகும். ஜலம் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும். பிறகு முள்ளைப் பார்க்க வேண்டும். மாறாக, தலை சூடாகவும் அடி ஜில்லென்றும் இருந்தால் துருச் சேறு தங்கியிருக்கிறது. அது நம் வேலை இல்லை.

முக்கியமான பாடம்: வெளியிலிருந்து செய்யும் இந்த வேலைகள் நம்முடையவை. பெட்டியின் மூடியைத் திறப்பது ஒருநாளும் நம் வேலை அல்ல.

இந்தப் பாடம் 2022 டிசம்பரில் பலித்தது. மறுபடியும் போயிருந்தேன். பேரனுக்கு மூன்று வயசு. ஊரெல்லாம் பனி உறைந்து கிடந்தது. காலையில் ரேடியேட்டர் எல்லாம் சவம் மாதிரி ஜில்லிட்டிருந்தது. மாப்பிள்ளை வெளியூரில். ஆளைக் கூப்பிட்டால், "மூன்று நாளாகும்" என்றார்கள். பெட்டிக்குள் 'களக் களக்' என்று ஒரு சத்தம். எனக்குப் பொறி தட்டிற்று. சொட்டும் ஜலம் போகிற பிளாஸ்டிக் குழாய் வீட்டுக்கு வெளியேதானே ஓடுகிறது? அது உறைந்திருக்கும்!

வெந்நீரைக் கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவி எடுத்துக்கொண்டு போனேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குழாய் வெடித்துவிடும். குழாய் நெடுக ஊற்றினேன். நாலாவது சொம்பில் 'சளக்' என்று ஏதோ வழுக்கி விழுந்தது. உள்ளே வந்து, திரும்ப மூட்டும் பொத்தானை அமுக்கினேன். 'பொஸ்' என்று அக்கினி பகவான் கண் திறந்தார்.

"அம்மா, நீயா பண்ணினே?" என்றாள் பெண்.

"கும்பகோணத்திலே பாய்லர் பார்த்தவடி நான்!" என்றேன். மூன்று வருஷமாகத் தரையைப் பார்த்த தலை அன்றுதான் நிமிர்ந்தது.

"லண்டன் கதை எங்களுக்கு எதற்கு?" என்கிறீர்களா? சென்னையில் என் நாத்தனார் வீட்டுக் குளியலறையில் காஸ் கீஸர் இருக்கிறது. அறையோ சிறிசு, கொசு வருகிறது என்று மேல் ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தாள்! நான் போன அன்றே நாற்காலி போட்டு ஏறிப் பிய்த்து எறிந்தேன். அந்தக் கீஸரும் நெருப்புதானே? காஸ் கீஸர் குளியலறைக்குள் இருக்கக் கூடாது. அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். அல்லது அதன் கழிவு குழாய் வழியாக வெளியே போக வேண்டும். அதுவரை, ஜன்னலைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடியுங்கள், கீஸரை அணையுங்கள், அப்புறம் கதவைத் தாழிட்டுக் குளியுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனால் அறைக்குள் கரியடுப்பு வைத்துக்கொண்டு படுக்காதீர்கள்.

பாட்டிக்குக் கார்பன் மோனாக்ஸைடு என்ற பெயர் தெரியாது. ஆனால் நெருப்பு கண்ணெதிரே இருந்தது. அதன் சாம்பலைத் தட்டினாள், அதற்குக் காற்று விட்டாள், அதன் பக்கத்திலேயே இருந்தாள். நமக்கு நெருப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுத்துவிட்டார்கள். பெட்டி பளபளப்பாக இருப்பதால் உள்ளே நெருப்பு இருப்பதையே மறந்துவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதற்கும் மூச்சு வேண்டும். அதைத் திணறவிட்டால் அது நம்மைத் திணற அடித்துவிடும்.

இந்தப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால், எழுந்து போய் உங்கள் குளியலறை ஜன்னல் திறந்திருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். தொடர்கதை அடுத்த பக்கத்தில்தான் இருக்கிறது, எங்கும் ஓடிவிடாது.